கட்டுத்தரையே வகுப்பறை: நீடித்த கால்நடை வளர்ப்பைத் தொலைதூரக் கல்வியில் படிப்பது எப்படி?

மாட்டின் எடையைத் தெரிந்துகொள்ள எடைமேடை வேண்டியதில்லை. தையல் நாடா ஒன்று இருந்தால் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பின் முனை வரை இன்னோர் அளவு. நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைத்துவிடும். கொஞ்சம் முன்பின் இருக்கும். தீவனக் கணக்குக்கு அது போதும்.

கால்நடை வளர்ப்புச் சான்றிதழ் படிப்பில் தொலைதூரக் கல்வி வழியாக நான் சேர்ந்தபோது, முதல் ஒப்படைப்பாக வந்தது இதுதான். ஒரு சாயங்காலம், கறவை முடிந்த பிறகு, அம்மா நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, எங்கள் செவலைப் பசுவை அளந்தோம். நெஞ்சளவு 64 அங்குலம், நீளம் 54. 64-ஐ 64-ஆல் பெருக்கினால் 4,096. அதை 54-ஆல் பெருக்கினால் 2,21,184. 660-ஆல் வகுத்தால் 335 கிலோ. "அவ்வளவா இருக்கு?" என்றார் அம்மா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் மாடு வளர்க்கிறார். ஆனால் எங்கள் மாடு எதனுடைய எடையும் அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு கூடை புல், ஒரு கட்டு சோளத்தட்டு, ஒரு சட்டி புண்ணாக்குத் தண்ணீர். அதுதான் எங்கள் கணக்கு.

மற்ற படிப்புகளில் ஆய்வகம் இருக்கிற இடத்துக்கு மாணவர் போக வேண்டும். இந்தப் படிப்பில் ஆய்வகம் ஏற்கெனவே வீட்டுக் கட்டுத்தரையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பாடம் மட்டும் வந்து சேர்ந்தால் போதும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, நடுவில் புல்லறுப்பு, தண்ணீர் காட்டல் என்று நாள் ஓடும் ஒருவரால் ஆறு மாதம் விடுதியில் தங்கிப் படிக்க முடியுமா? மாட்டை யார் பார்ப்பது? மாடு வைத்திருப்பவர்களுக்குத் தொலைதூரக் கல்வி இரண்டாந்தர வழி என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு அது ஒன்றே வழி.

'நீடித்த' என்றால் என்ன?

சொல் கேட்கப் பெரிதாக இருக்கிறது. பொருள் எளிது. இன்று நாம் மாடு, ஆடு, கோழி வளர்க்கும் விதம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தொடரக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குக் கிணறு வற்றக் கூடாது. மண் வலுவிழக்கக் கூடாது. கட்டிவைத்த உயிர் அவதிப்படக் கூடாது. வளர்ப்பவர் கையில் நாலு காசு மிஞ்ச வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நஷ்டத்தில் ஓடும் பண்ணை எவ்வளவு இயற்கையாக இருந்தாலும், இரண்டு மூன்று வருஷத்தில் மாடுகள் சந்தைக்குப் போய்விடும். அதை நீடித்தது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பேருந்தில் போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் வேலி கட்டிய புல்வெளிகளைப் பார்த்திருப்பீர்கள். கொரங்காடு என்பார்கள். மழை குறைவான, மானாவாரி மேய்ச்சல் நிலம். வேலி கம்பியால் ஆனதில்லை; முள்கிளுவை நட்டு வளர்த்த உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மழை பெய்தால் புல் தழைக்கிறது. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது, மரம் நிழல் தருகிறது. கிளுவை வேலி இருப்பதால் காட்டைப் பல பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் மேய்ந்து முடித்த பிறகு அடுத்த பிரிவுக்கு மாற்றி விடலாம். மேய்ந்த இடத்தில் புல் மறுபடி துளிர்க்க அவகாசம் கிடைக்கும். மாடு மேயும்போதே சாணம் போடுகிறது, அதுவே உரம். காங்கயம் காளைகளும் மயிலைப் பசுக்களும் இந்தக் காட்டில்தான் உருவாயின. பாடப்புத்தகத்தில் 'சுழற்சி மேய்ச்சல்', 'மரப்புல்வெளி முறை' என்ற தலைப்புகள் வரும்போது, இதைத்தானே நம் ஊர்க்காரர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கிடை போடுவதும் இதே வகைதான். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்குப் போகிறார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் வயலிலேயே கிடை. புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழுகிறது. வயல்காரருக்கு உரம், கீதாரிக்குக் கூலி, ஆட்டுக்குத் தீனி. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாக வேண்டும் என்பதுதான் நீடித்த வேளாண்மையின் சாரம். அதைக் கிடையில் நேரில் பார்க்கலாம்.

அப்படியென்றால் படிப்பு எதற்கு? மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. கலப்பின மாடு வந்துவிட்டது. தீவனம் கடையில் வாங்குகிறோம். மாடு மாறிவிட்டது, ஆனால் கூடைக் கணக்கு மாறவில்லை. அந்த இடைவெளியைத்தான் படிப்பு நிரப்ப வேண்டும்.

அந்த 335 கிலோவை வைத்து என்ன செய்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பால்பண்ணைச் செலவில் பாதிக்கும் மேலே தீவனத்துக்கே போகிறது. இங்கே கணக்குத் தவறினால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

தீவனத்தை எடைபோடும்போது அதிலுள்ள தண்ணீரைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதற்கு 'உலர்பொருள்' என்று பெயர். மாட்டின் பசி உலர்பொருளில்தான் அடங்கும். கறவையில் இருக்கும் கலப்பினப் பசுவுக்கு அதன் எடையில் சுமார் 3 சதவீதம் உலர்பொருள் தேவை. 335 கிலோவுக்கு அது 10 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், மீதி தண்ணீர். வைக்கோல், சோளத்தட்டு, அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் போன்றவை) ஆகியவற்றில் பத்தில் ஒன்பது பங்கு உலர்பொருள்.

சரி, இப்போது கணக்குப் போடலாம். எங்கள் செவலை நாளுக்கு 6 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. 25 கிலோ பசுந்தீவனம் போட்டால் 5 கிலோ உலர்பொருள். 3 கிலோ சோளத்தட்டில் 2.7 கிலோ. 2.5 கிலோ அடர்தீவனத்தில் 2.25 கிலோ. மொத்தம் 9.95. கிட்டத்தட்ட 10. அடர்தீவனம் ஏன் இரண்டரை கிலோ? நல்ல பசுந்தீவனம் கிடைக்கும் பசுவுக்கு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது களத்தில் சொல்லும் தோராயக் கணக்கு. 6 லிட்டருக்கு 2.4 கிலோ, கிட்டத்தட்ட இரண்டரை கிலோ வருகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, எங்கள் வீட்டில் புல் பாதிக்குப் பாதி குறைவாகவும் புண்ணாக்கு தேவைக்கு மேலேயும் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. விலை உயர்ந்ததை அதிகமாகவும் விலை குறைந்ததைக் குறைவாகவும் போட்டுக்கொண்டிருந்தோம்! கிணற்றடியில் கொஞ்ச இடத்தில் கம்பு நேப்பியர் புல் கரணை நட்டோம். வரப்போரம் வேலிமசால் விதைத்தோம், வேலியில் அகத்தியும் கிளிரிசிடியாவும். இவை மூன்றும் பயறுவகை. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தழை சேர்ந்தால் புரதம் அதிலேயே கிடைத்துவிடும்; புண்ணாக்கைக் குறைக்கலாம். அந்தச் செடிகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருவதால் யூரியா செலவும் குறையும். நீடித்த முறை என்பது பல நேரங்களில் சிக்கன முறையாகவும் இருப்பது இப்படித்தான்.

இந்த இடத்தில், தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடியான அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அசோலா இல்லாத பயிற்சி வகுப்பே கிடையாது. நல்ல பொருள்தான், புரதம் நிறைந்தது, கோழிக்குப் பிரமாதம். ஆனால் அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ அசோலாவில் உலர்பொருள் நூறு கிராம்கூடத் தேறாது. இரண்டு கிலோ அசோலா போட்டுவிட்டு இரண்டு கிலோ புண்ணாக்கை நிறுத்தினால் மாடு இளைத்துப்போகும். உலர்பொருள் என்ற ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால், யார் எந்தத் தீவனத்தைப் புகழ்ந்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ள முடியும். அடிப்படைப் பாடத்தின் பெரிய லாபம் அதுதான்.

ஏப்பமும் சாணமும்

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதலாவது, பெரியது, ஒரு நொதித்தொட்டி போல. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே உடைக்கின்றன. புல்லைப் பாலாக்கும் வித்தை அதனுடையது. அந்த நொதித்தலில் மீத்தேன் வாயுவும் உண்டாகிறது. மாடு அதைப் பெரும்பாலும் ஏப்பமாக வெளியேற்றுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் வெளியிட்ட கணக்கில், மனிதச் செயல்களால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் துறையைச் சேர்ந்தது என்று வந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்த எண்ணைப் பயன்படுத்துவது நியாயமில்லை. ஆனால் இதில் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு.

கறக்கும் மாடும் ஏப்பம் விடுகிறது, கறக்காத மாடும் ஏப்பம் விடுகிறது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று ஈன்ற மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்தால் ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கு வரும். பருவ அறிகுறியை ஒரு முறை கவனிக்கத் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தவறினால் இரண்டு மாதத் தீவனம் வீண், அந்த இரண்டு மாத மீத்தேனும் வீண். அதனால் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி, பருவம் வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனைத் தேதி என்று எழுதிவைக்கும் பழக்கம் வீட்டு வரவுக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது. காலை ஐந்து மணிக்கும் இரவு படுக்கப்போகும் முன்பும் பத்து நிமிடம் கொட்டகையில் நின்று பாருங்கள். மாடு கத்துகிறதா, கண்ணாடி போன்ற கோழை வழிகிறதா, வேறு மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்கிறதா என்று கவனிப்பதற்குச் செலவே இல்லை.

சாணத்துக்கு வருவோம். சுமார் 25 கிலோ சாணத்தில் ஒரு கனமீட்டர் எரிவாயு கிடைக்கும். நான்கைந்து மாடு இருந்தால் 2 கனமீட்டர் கலன் கட்டலாம்; ஒரு குடும்பச் சமையலுக்குப் பெரும் துணை. திறந்த குழியில் கிடந்தால் காற்றில் கலந்திருக்கக்கூடிய மீத்தேன் அடுப்பில் எரிந்துவிடுகிறது, வெளியே வரும் கழிவு நல்ல உரமாகிறது. ஒன்றிரண்டு மாடுதான் என்றால் மண்புழு உரத்தொட்டி போதும்.

மருந்து விஷயம் நான் படித்ததிலேயே என்னை மிகவும் உலுக்கியது. மடிவீக்கம் வந்ததும் ஆன்டிபயாடிக் ஊசி, மறுநாள் காலை பால் சொசைட்டிக்கு. இது பல ஊர்களில் நடக்கிறது. ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள் வரை மனிதர் குடிக்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தேவையில்லாமலும் அரைகுறையாகவும் மருந்து கொடுத்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின்றன. அவை மாட்டோடு நிற்பதில்லை, நம் பிள்ளைகளுக்கும் வரலாம்.

இங்கே மரபு மருத்துவம் ஒரு கை கொடுக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கக் கறந்துவிட்டு மடியைக் கழுவி, நாளுக்குப் பல முறை பூசும் முறை தேசியப் பால்வள வாரியமே பரப்பிவரும் ஒன்று. ஆரம்ப நிலையில் கைகொடுக்கும். ஆனால் காய்ச்சல் இருந்தால், பாலில் இரத்தம் வந்தால், மாடு தீனி எடுக்காவிட்டால் கற்றாழையோடு நிற்கக் கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

எங்கே படிப்பது?

தொலைவிலிருந்து விவசாயம் கற்பது நமக்குப் புதிதில்லை. 1960-களில் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி.-27 நெல்லைத் திருச்சி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பயிரிட்டார்கள். அதற்கு 'வானொலி நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அஞ்சலும் கைபேசியும் பிறகு வந்து சேர்ந்தவை.

தமிழில் படிக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியை மையமாக வைத்து 1989-இல் உருவானது. தொலைதூரக் கல்விக்கென்றே தனி இயக்ககம் அங்கே உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கியது. கோழி வளர்ப்பில் சான்றிதழ், பால் தொழில்நுட்பத்தில் பட்டயம் போன்றவை அங்கே உண்டு. ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மின்கற்றல் தளத்திலும் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன. சேருவதற்கு முன்பே மேய்ந்து பார்க்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் கால்நடைப் பகுதி தமிழிலேயே இருக்கிறது. எந்தப் படிப்பு எந்தப் பருவத்தில் திறந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு, என்ன தகுதி என்பவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை நேரடியாகப் பார்த்துவிடுங்கள், இடைத்தரகர் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவப் பட்டம் தொலைதூரக் கல்வியில் கிடையாது. அது உள்பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு கல்லூரியில் நேரில் படிப்பது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் மருத்துவம் செய்யலாம். 'ஆறு மாதத்தில் அஞ்சலில் கால்நடை டாக்டர்' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சான்றிதழும் பட்டயமும் நம்மை நல்ல வளர்ப்பாளராக்கும், டாக்டராக்காது. பட்டப் படிப்பு அல்லது முதுநிலைப் பட்டயம் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அங்கீகரித்த பட்டியலில் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சான்றிதழால் வேறு பயனும் உண்டு. 2021-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் ஆடு, கோழி, பன்றிப் பண்ணைகளுக்கு 50 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் பயிற்சி பெற்றவரா, அல்லது அந்தத் தொழிலில் அனுபவம் உள்ளவரா என்று கேட்பார்கள். வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போதும், உலர்பொருள் கணக்கும் சினை நாட்காட்டியும் தெரிந்தவர் எழுதும் அறிக்கை தனியாகத் தெரியும்.

தேனியில் நடந்தது

தொலைதூரக் கல்வி என்றால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். காமன்வெல்த் கற்றல் அமைப்பு 'விவசாயிகளுக்கான வாழ்நாள் கற்றல்' என்ற திட்டத்தை நடத்துகிறது. தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆடு வளர்க்கும் பெண்களிடம் அதைக் கொண்டுபோனார்கள். சுமார் 300 பெண்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடானது. ஒவ்வொருவருக்கும் ஒன்பது பெட்டை ஆடு, ஒரு கிடா, கூடவே ஒரு கைபேசி. ஆட்டுக்கான கடனில் கைபேசியும் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். ஆடு எவ்வளவு தேவையோ, ஆட்டைப் பற்றிய தகவலும் அவ்வளவு தேவை என்று அந்தப் பெண்களே புரிந்துகொண்டதால் நடந்தது அது.

அந்தக் கைபேசிக்குச் சிறு குரல்செய்திகள் வந்தன: குடற்புழு நீக்கம், தடுப்பூசி, தீவனம், வங்கிக் கணக்கு. ஆடு மேய்த்துக்கொண்டே கேட்கலாம். படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். கேட்டதைச் சாயங்காலம் குழுவில் நாலு பேரோடு பேசினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் குழுதான். காதில் விழும் செய்தி காற்றோடு போய்விடும். 'நீ போட்டியா தடுப்பூசி? எங்க ஆடு ஒண்ணும் ஆகல' என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும்போதுதான் அது நம்பிக்கையாகிறது. நீங்கள் தனியாகப் படிப்பவராக இருந்தால், ஊரில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே பாடத்தைப் படியுங்கள். ஒருவர் ஆடு, ஒருவர் மாடு, ஒருவர் நாட்டுக்கோழி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எப்படிப் படிப்பது?

பாடநூல் வந்ததும் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்: பிறந்த தேதி அல்லது வாங்கிய தேதி, காதில் போட்ட 12 இலக்க அடையாள எண், எடை, ஈன்ற தேதி, பருவம், ஊசி, தடுப்பூசி, நோய், மருந்து, நாளுக்கு எத்தனை லிட்டர். பிறகு பாடத்தைத் திறங்கள். கன்று பராமரிப்புப் பாடம் வந்தால் உங்கள் கன்றின் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும், முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று புத்தகம் சொல்லும். உங்கள் கன்று 25 கிலோ என்றால் அது இரண்டரை லிட்டர். 'நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால்' என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தால், அவர்களிடம் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும். தாய் வயிற்றில் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி போய்ச் சேருவதில்லை, அது சீம்பாலில்தான் இருக்கிறது, நேரம் ஆக ஆகக் கன்றின் குடல் அதை உறிஞ்சும் திறன் குறைந்துகொண்டே போகும். இதைச் சொன்னால் எங்கள் பாட்டிபோன்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் பாட்டி ஒத்துக்கொண்டார்.

நேரம் என்று பார்த்தால் நாளுக்கு அரைமணி போதும், ஆனால் தினமும். நான் சாயங்காலக் கறவைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். ஒப்படைப்பை உங்கள் பண்ணையை வைத்தே எழுதுங்கள். திருத்துபவருக்கும் அது பிடிக்கும். புரியாத இடத்தைக் குறித்துவைத்து, நேரில் நடக்கும் தொடர்பு வகுப்பில் கேளுங்கள். அவசரச் சந்தேகத்துக்கு 2004-இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையம் இருக்கிறது, 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

கையால் செய்தால்தான் வரும் வேலைகளை எந்தக் காணொளியும் கற்றுத்தராது. குளம்பு சீவுவது, ஆட்டின் கண் இமையைத் திருப்பி இரத்தசோகை பார்ப்பது, கன்றைத் தரையில் கிடத்துவது, மடியைத் தொட்டே வீக்கத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் அப்படித்தான். அதற்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் நாமக்கல், காட்டுப்பாக்கம், குன்றக்குடி நிலையங்களைக் கால்நடைப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. பல மாவட்டங்களில் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையங்களும் உண்டு. படிப்பில் தொடர்பு வகுப்பு எத்தனை நாள் என்று சேரும் முன்பே கேளுங்கள். ஒரு நாள்கூட இல்லை என்றால் நான் அதில் சேரமாட்டேன்.

என் தொடர்பு வகுப்பில் ஒரு மத்தியானம் மடிநோய்ப் பரிசோதனை செய்து காட்டினார்கள். நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழியில் கொஞ்சம் பால், அதே அளவு ஊதா நிறத் திரவம், தட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டும். மூன்று குழியில் பால் பாலாகவே ஓடியது. நான்காவது குழியில் மட்டும் திரிந்த கஞ்சி மாதிரி கெட்டியாகிக் குழியின் நடுவில் திரண்டு நின்றது. மாட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை, மடி வீங்கவில்லை, பாலின் நிறம் மாறவில்லை. உள்ளே நோய் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர், நாற்பது வருஷம் மாடு கட்டியவர், அந்தத் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், அந்தத் தட்டு எங்கே விற்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.